கூட ஒரு நாள்

லோனாக்கில் அன்று மதியம் மூன்று மணி இருக்கும். வெளியே காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே யாக் சாண வரட்டி எரியும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்கள் சுமையைத் தூக்கி வந்த பையனின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. பருப்பை ஊற்றிப் பிசைந்து, பிசைந்ததை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தான். எட்டு நாளாக அவனைப் பார்க்கிறேன். இரண்டாம் முறை சோறு கேட்காமல் அவன் எழுந்த வேளை கிடையாது.

தலை வலிக்கிறதா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். "கேஹி ஹுந்தைன, தீதி" என்றான். ஒன்றும் ஆகாது அக்கா என்று அர்த்தம். எழுந்து வரச் சொன்னேன். தரையில் கல் பாவியிருந்த கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் சாய்ந்து சுவரைப் பிடித்தான். அவனுக்கு வயது 19. முதுகில் 30 கிலோவோடு, பனி உறைந்த மரப்பாலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே போனவன்.

நான் அரசு மருத்துவமனையில் 24 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். மூளையில் நீர் கோக்கும்போது முதலில் தடுமாறுவது நடை என்று படித்திருக்கிறேன். கண் முன்னால் பார்த்தது அன்றுதான்.

லோனாக் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நேபாளத்தின் வடகிழக்கு மூலையில், தாப்லேஜுங் மாவட்டத்தில், கஞ்சன்ஜங்காவின் வடமுகத்துக்குப் போகும் பாதையில் கடைசி இரவுத் தங்கல் அது. உயரம் சுமார் 4,780 மீட்டர். அங்கிருந்து ஒரே நடையில் பாங்பேமா, சுமார் 5,140 மீட்டர். உலகின் மூன்றாவது உயரமான மலை, 8,586 மீட்டர், நேர் எதிரே நிற்கும் இடம். எவரெஸ்ட் பக்கம் ஓராண்டில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் போன ஆண்டுகள் உண்டு. இங்கே அதில் ஒரு சிறு பங்குகூட வருவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் நாங்கள் நடந்தபோது, முழு நாளில் எதிரே வந்தவர்கள் ஒரு யாக் கூட்டமும் இரண்டு பெண்களும் மட்டும் என்ற நாள்களும் இருந்தன.

கூட்டம் இல்லாத பாதை வேண்டும் என்று இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். என் வார்டிலேயே இரண்டு பயிற்சி மருத்துவர்கள் கேட்டார்கள். போய்வரச் சொல்லி நானே ஆசை காட்டுகிறேன். ஆனால் அவர்கள் கையில் வைத்திருந்த பயணத் திட்டத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது நாள். எனக்கும் முதலில் ஒரு ஏஜென்சி அதே ஒன்பது நாளைத்தான் அனுப்பியது. அதை எழுதியவர் அந்த மலையில் ஒரு இரவுகூடத் தலை வலித்துக் கிடந்திருக்க மாட்டார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்றுக்கொண்ட விதி. குன்சா என்ற ஊரிலிருந்து கம்பாசென் போனால் ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றம். கம்பாசெனிலிருந்து லோனாக் 700 மீட்டருக்கு மேல். நடுவில் இரவு தங்க எங்களுக்கு வேறு விடுதி கிடைக்கவில்லை. அதனால் குன்சாவில் ஒரு நாள், கம்பாசெனில் ஒரு நாள் என்று சும்மா தங்கித்தான் இந்த உயரத்தை வாங்க முடியும். ஒன்பது நாள் திட்டத்தில் வெட்டப்பட்டிருந்தது இந்த இரண்டு நாளும்தான். விடுப்பு கிடைக்காதவர்களை மனதில் வைத்துச் சுருக்கியதாக விளக்கம் சொன்னார்கள். உடம்புக்கு விடுப்புக் கணக்கு தெரியாதே.

நாங்கள் மூன்று பேர். நான், என்னோடு நர்சிங் படித்த தோழி, கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பி. ஒன்பதை 14 ஆக்கச் சொல்லி எழுதினேன். வெட்டிய இரண்டு ஓய்வு நாளையும் திரும்பச் சேர்த்தேன். எந்த ஊர்ப் பெயரும் போடாத இரண்டு உபரி நாள் கேட்டேன். ஜீப் செக்காதும் வரை போகும் என்றார்கள்; வேண்டாம், அதற்கு முன்பே சிர்வாவில் இறங்கி நடக்கிறோம் என்று இன்னொரு நாளைக் கூட்டினேன். கூடுதல் செலவு ஆளுக்கு என் சம்பளத்தில் கால் மாதம் ஆனது. ஈட்டிய விடுப்பில் அது வரை தொடாமல் வைத்திருந்ததை எடுத்தேன்.

சிர்வாவிலிருந்து நடந்த அந்த நாளைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் கேட்டார்கள். 1,500 மீட்டரில் நடந்தால் உயரம் பழகிவிடுமா? பழகாது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே, தாமோர் ஆற்றின் இரைச்சலோடு, வியர்த்து ஊற்ற நடந்த நாள் அது. நம் ஏலக்காய் இல்லை. பிரியாணிக்குப் போடும் பெரிய கறுப்பு ஏலக்காய். அந்த மாவட்டத்தின் காசு அதில்தான். பையனின் வீட்டிலும் கொஞ்சம் ஏலத் தோட்டம் இருந்தது. அறுவடைக் கூலி போதாமல்தான் சுமைக்கு வந்தான். அம்மாவுக்கு மூட்டு வலி, தங்கை பத்தாம் வகுப்பு. இதெல்லாம் அந்த முதல் இரண்டு நாளில் தெரிந்தவை. எவ்வளவு சாப்பிடுவான், எதற்குச் சிரிப்பான், ஏற்றத்தில் மூச்சு எப்படி வாங்கும் என்பதும் அப்போது கண்ணில் பதிந்தவைதான். கீழே நடக்கும் நாள் நுரையீரலை மலைக்குப் பழக்குவதில்லை. கூட வருகிற முகங்களை நமக்குப் பழக்குகிறது. லோனாக்கில் அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றதற்கு 24 வருட அனுபவத்தைவிட அந்த இரண்டு நாள்தான் காரணம். நேரே ஜீப்பில் போய் இறங்கியிருந்தால் அவன் எனக்கு 30 கிலோ மூட்டைக்குக் கீழே தெரியும் இரண்டு கால்களாகவே இருந்திருப்பான்.

மலைக்காரர்களுக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நேபாளத்தில் சுமை தூக்குபவர்கள் எல்லோரும் ஷெர்பாக்கள் என்றும் நினைக்கிறோம். எங்களோடு வந்தவன் லிம்பு இனத்துப் பையன். அவன் ஊர் சிர்வாவைவிட உயரமில்லை. சுமைக்கு வருபவர்களில் மிகப் பலர் இப்படிக் கீழ் மலைகளில் பிறந்த ராய், லிம்பு, தமாங் மக்கள். 4,000 மீட்டரில் அவர்கள் உடம்பும் நம் உடம்புபோலத் தடுமாறும். வித்தியாசம் என்னவென்றால் நாம் ஒரு சின்னப் பையோடு ஏறுகிறோம், அவர்கள் நெற்றியில் நாம்லோ பட்டையை மாட்டி நம் மூட்டையோடு ஏறுகிறார்கள். நமக்கு இறகு ஜாக்கெட், அவர்களில் பலருக்கு யாரோ விட்டுப்போன ஸ்வெட்டர். 1997இல் நேபாளத்தில் ஒரு சுமைதூக்கி உயர நோயில் கைவிடப்பட்டு இறந்த பிறகு, அவர்களுக்கென்றே ஒரு பன்னாட்டுப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. உடுப்பு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவை பயணிக்கு இருப்பதுபோல் அவர்களுக்கும் இருக்க வேண்டும், நோயுற்றவரைக் கணக்கு முடித்துத் தனியாகக் கீழே அனுப்பக்கூடாது என்பவை அது முன்வைத்த விதிகள். இத்தனை ஆண்டு கழித்தும் அவற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கம்பாசெனில் நாங்கள் ஓய்வெடுத்த நாளைச் சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு நேர் மேலே ஒரு மலை, 7,710 மீட்டர். ஜன்னு என்று ஏறுபவர்கள் சொல்வார்கள். நேபாளத்தில் அதற்குப் பெயர் கும்பகர்ணன். சிறு வயதில் பாட்டி சொன்ன கதையில் தூங்கியவன் இங்கே தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறானே என்று காலை முழுவதும் வெயிலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லிம்பு மக்கள் அதை பக்தாங்லுங் என்கிறார்கள், தோள்கள் உள்ள மலை. தோழி துணி துவைத்தாள். அவள் தம்பி தூங்கினான். பையனைக் காணவில்லை. விடுதிக்காரருக்கு அரிசி மூட்டை கொண்டுவர குன்சாவுக்கு இறங்கிப் போயிருந்தான், தனிக் கூலிக்கு. இருட்டிய பிறகு மூட்டையோடு வந்து சேர்ந்தான். எங்களுக்காக நான் சண்டை போட்டு வாங்கிய ஓய்வு நாள் அவனுக்கு ஓய்வாக இருக்கவில்லை. அன்று இரவே அவனுக்குத் தலை வலித்திருக்கிறது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், மிச்ச நாள் கூலி போய்விடும் என்றான். அது தெரியாத காரியம் அல்ல. எங்கள் வார்டில் கூலி வேலைக்காரர்கள் நெஞ்சு வலியோடு ஒரு வாரம் வேலைக்குப் போய்விட்டு வருவார்கள். காரணம் கேட்டால் இதே பதில்தான், வேறு மொழியில். இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். நோய் வந்தாலும் முழுக் கூலி உண்டு என்று சிர்வாவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பாசெனிலேயே வாய் திறந்திருப்பான்.

லோனாக்கில் பல்ஸ் ஆக்சிமீட்டர் அவன் விரலில் 71 காட்டியது. என் விரலில் 83. வார்டில் 83 வந்தால் ஓடுவோம். அந்த உயரத்தில் அது சாதாரணம், காற்றில் நமக்குக் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் அந்தக் கருவியை மட்டும் நம்பக்கூடாது. நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே ஒருவர் மோசமாகலாம். சோறு, பேச்சு, நடை, இந்த மூன்றையும் பாருங்கள். தலைவலியோடு மேலே ஏறாதீர்கள். நடை தடுமாறினால் விடியும் வரை காத்திருக்காமல் இறக்குங்கள். மலையில் உயர நோய்க்கு முதல் மருந்து இறக்கம்தான். மாத்திரைகள் அதற்கு நேரம் வாங்கித் தரும், அதன் இடத்தைப் பிடிக்காது.

எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்து எடுத்துப் போயிருந்த டெக்ஸாமெத்தசோனைக் கொடுத்தேன். தோழியையும் அவள் தம்பியையும் விடுதியிலேயே விட்டுவிட்டு, வழிகாட்டி, இன்னொரு சுமைக்காரர், நான் மூவரும் பையனோடு நாலு மணிக்குக் கிளம்பினோம். சிறிது தூரம் இரு பக்கமும் தாங்கி நடத்தினோம். மண்சரிவு வரும் இடங்களில் இருவர் சேர்ந்து போக வழியில்லை. அந்த இன்னொரு சுமைக்காரர், நாற்பது தாண்டியவர், நாம்லோவை நெற்றியில் போட்டுப் பையனை முதுகில் ஏற்றிக்கொண்டார். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் அவர் கால் வைக்கும் கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். பனியாறு எங்கோ இருட்டில் முறிந்து முறிந்து சத்தம் போட்டது. அவர் ஒரு முறைகூட உட்காரவில்லை. நின்று, தடியை முதுகுச் சுமைக்கு முட்டுக் கொடுத்து, பத்து மூச்சு வாங்கி, மறுபடி நடந்தார். நேபாளியில் அண்ணனைக் கூப்பிடும் சொல் நம் காதுக்குத் 'தாய்' என்று கேட்கும். அந்த இரவு முழுவதும் பையன் அவரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். கம்பாசெனை அடைந்தபோது மணி ஒன்பதரை.

காலையில் எழுந்து டீ கேட்டான். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஹெலிகாப்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். லோனாக்கில் போனுக்கு சிக்னல் இல்லை. இருந்தாலும் மாலை நாலு மணிக்கு, அந்தக் காற்றில், எது வரும்? என் காப்பீட்டில் ஹெலிகாப்டர் இருந்தது. அவனுடையதில் எவ்வளவு இருந்தது என்று வழிகாட்டிக்கே தெரியவில்லை. எவரெஸ்ட் பாதையில் பெரிச்சேயில், அன்னபூர்ணா பக்கம் மனாங்கில், இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாம்கள் சீசனில் திறந்திருக்கும். கஞ்சன்ஜங்கா பாதையில் அப்படி ஒன்று இல்லை. கூட்டமில்லாத பாதை என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

ஹெலிகாப்டரை நம்ப முடியாது என்பது அந்தப் பள்ளத்தாக்குக்கே நன்றாகத் தெரியும். 1997இல் அந்தப் பகுதி கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது, 2,035 சதுர கிலோமீட்டர். 2006 செப்டம்பரில் அதன் நிர்வாகத்தை உள்ளூர் மக்கள் கையிலேயே ஒப்படைத்தார்கள். அந்த நிகழ்வுக்காக வந்தவர்கள் 23ஆம் தேதி குன்சாவிலிருந்து திரும்பும்போது ஹெலிகாப்டர் மலையில் மோதி 24 பேரும் இறந்தார்கள். புவியியலாளர் ஹர்கா குருங், இயற்கைப் பாதுகாப்புக்கு வாழ்நாளைக் கொடுத்த சந்திர குருங், மிங்மா நோர்பு ஷெர்பா எல்லோரும் அதில் இருந்தார்கள். வானிலை மோசமாக இருந்ததால் சிதைவைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. நாட்டின் அமைச்சர் ஒருவரும் உள்ளே இருந்த ஹெலிகாப்டருக்கே நிலைமை அதுதான். குன்சாவில் எங்கள் விடுதி அம்மா அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நாலைந்து நாள் விடுப்புக்கு மேல் எங்களுக்கு எங்கே கிடைக்கிறது என்று இளைஞர்கள் கேட்பது நியாயம். எனக்கும் பத்து வருடம் கிடைக்கவில்லை. ஒன்பது நாள்தான் உண்டு என்றால் குன்சா வரை போய்விட்டுத் திரும்புங்கள் என்பது என் பதில். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. குன்சா என்றால் திபெத்திய மொழியில் குளிர்காலத்துக்கான இடம். மரப்பலகை வீடுகள், கொடிகள் படபடக்கும் மடம், தறியில் கம்பளம் நெய்யும் பெண்கள். அக்டோபர் கடைசியில் ஊரைச் சுற்றிய லார்ச் மரங்கள் ஊசி இலை உதிர்க்கும் முன் முழு மலையும் மஞ்சளாக நிற்கும். நவம்பரில் நாங்கள் போனபோதும் மிச்சம் இருந்தது. சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, மிளகாய்த் துவையலோடு தருவார்கள். இரும்பு வளையம் போட்ட மரக்குவளையில் நொதித்த கேழ்வரகு நிரப்பி, மேலே வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சும் தோங்பா. அதை வழிகாட்டி குடித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் மூன்று நாள் உட்கார்ந்தவர், பாங்பேமாவுக்கு ஓடிப்போய் ஒரு படம் எடுத்து ஓடிவந்தவரைவிட நிறையக் கொண்டுவருவார்.

அங்கே அடுப்படியில் வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார். 1955 மே 25இல் ஜார்ஜ் பாண்டும் ஜோ பிரவுனும் கஞ்சன்ஜங்காவை முதன்முதலில் ஏறியபோது, உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். அந்த மலையைத் தெய்வமாக வணங்கும் சிக்கிம் மக்களுக்காக அவர்கள் மன்னரிடம் கொடுத்த வாக்கு அது. பின்னால் வந்தவர்களில் பலரும் அங்கேயே நின்றிருக்கிறார்கள்.

கம்பாசெனுக்கு வந்த மறுநாள் மதியம் வழிகாட்டி மறுபடி லோனாக்குக்கு ஏறினார். கையில் உபரி நாள் இருந்ததால் தோழியும் அவள் தம்பியும் அங்கேயே காத்திருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் மூவரும் பாங்பேமா போய்வந்தார்கள். மேகமே இல்லாமல், முழு மலையையும் பார்த்தார்கள். நான் பையனையும் அந்த அண்ணனையும் அழைத்துக்கொண்டு குன்சாவுக்கு இறங்கினேன். பாங்பேமாவை நான் பார்க்கவில்லை. பார்க்க ஆசை இருந்தது, இருக்கிறது. அந்த ஒரு உபரி நாள் இல்லாதிருந்தால் எங்களுக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று சில இரவு நைட் டூட்டியில் யோசித்திருக்கிறேன். மூன்று பேர் பணம் கட்டி, விடுப்பு எடுத்து, எல்லையில் மேச்சி ஆற்றைத் தாண்டி ஜீப்பில் நாள் முழுக்கக் குலுங்கி வந்திருக்கிறோம். ஒரு பையனுக்குத் தலைவலிதானே, காலையில் பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்களோ? நல்லவர்கள்தான் எல்லோரும். நாள் இல்லாதபோது நல்லவர்களும் அப்படிப் பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன்.

நேபாளத்துக்குள் போக நமக்கு விசா வேண்டாம். ஆனால் கஞ்சன்ஜங்கா கட்டுப்பாட்டுப் பகுதி; பதிவு பெற்ற ஏஜென்சி மூலம் தனி அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் போக முடியும். அந்த ஏஜென்சியிடம் எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று மட்டும் கேட்காதீர்கள். கம்பாசெனில் இரண்டு இரவு உண்டா, சுமைக்காரரின் காப்பீட்டு நகல் எங்கே, ஓய்வு நாளுக்கு அவருக்குக் கூலி உண்டா, நோயுற்று இறங்கினால் முழுக் கூலியும் துணைக்கு ஒரு ஆளும் உண்டா என்று கேளுங்கள். வாயால் சொல்ல விடாமல் எழுதி வாங்குங்கள். பயணி கேட்காத எதையும் யாரும் தாமாகத் தருவதில்லை.

வரும் அக்டோபருக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை 16 நாள். போன வாரம் பையனோடு போனில் பேசினேன். ஏலக்காய் பறித்து, உலையில் காய வைத்து முடிந்தால் வருகிறானாம். அம்மாவுக்கு மூட்டு வலிக்கு மாத்திரையின் பெயர் கேட்டான். பெயரைச் சொல்லாமல், தாப்லேஜுங் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொன்னேன். அதற்கு ஒரு நாள் ஆகுமே, அக்கா என்றான். ஆகட்டும், போய்வா என்றேன்.